கண்டக்டருக்குக் காற்று

அண்ணி: மிஷின் சத்தமே காணோமே, சும்மாதானே இருக்கீங்க? கீழ வாங்க தம்பி.

தம்பி: கரண்ட் இல்லாம மிஷின் எப்படி ஓடும் அண்ணி? கையால பொத்தான் தெச்சிட்டிருக்கேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம். சாயங்காலம் வந்து நிப்பாங்க.

அண்ணி: பொத்தான் எங்கயும் ஓடிப்போயிடாது. கண்டக்டர் படுத்துட்டான்.

தம்பி: ...படுத்துட்டான்னா?

அண்ணி: படுத்துட்டான்னா படுத்துட்டான். தொட்டியில ஒரு பக்கமா சாஞ்சு, வாயை வாயைத் திறக்கிறான். மத்த மீனெல்லாம் மேல வந்து மூச்சுக்குத் தவிக்குது. இவன் அதுக்கும் தெம்பில்லாமக் கிடக்கிறான்.

தம்பி: உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாராம்?

அண்ணி: என் வீட்டுக்காரரா? சரிதான். உங்களுக்கு அவர் என்ன வேணும்னு மறந்தே போச்சா?

தம்பி: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க அண்ணி.

அண்ணி: வலது தோளு இறங்கி கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கிற மனுஷன் என்ன பண்ணுவார்? இடது கையால மொண்டு ஊத்தறேன்னு பாதித் தண்ணியை சோபா மேல ஊத்திட்டார். நான் ஊத்தினா, 'அப்படி இல்ல, இப்படி'ன்னு கத்தறார். பஸ் ஓட்டுறவர் இல்லையா, பக்கத்துல யார் எதைச் செஞ்சாலும் பிரேக் போட்டுக்கிட்டே இருப்பார்.

தம்பி: மேல வெச்சிருந்த காத்து மோட்டாரு...

அண்ணி: அது கரண்ட்ல ஓடுறது தம்பி. வாங்க. எங்களுக்காக வேண்டாம். கண்டக்டருக்காக வாங்க.

தம்பி: ...அவனுக்காகத்தான் வர்றேன். சொல்லிட்டேன்.

அண்ணி: சொல்லிட்டீங்க. இறங்குங்க.

அண்ணன்: யாரு படியில?

அண்ணி: ரெண்டு கை வாடகைக்குக் கேட்டிருந்தேன். வந்திருக்கு.

அண்ணன்: டெய்லருக்கு எவ்வளவோ வேலை இருக்கும். எதுக்குத் தொந்தரவு பண்றே?

தம்பி: அண்ணி, மக்கு எங்க இருக்கு?

அண்ணன்: பச்சை மக்கை எடுக்க வேணாம்னு சொல்லு. அதுல சோப்பு வாடை இருக்கும். சமையல்கட்டுல வெள்ளைச் சொம்பு இருக்கு.

அண்ணி: கேட்டுச்சா?

தம்பி: கேட்டுச்சு. மூடியை எடுத்தாச்சா?

அண்ணன்: மூடியை அப்பவே எடுத்தாச்சுன்னு சொல்லு. பாதிச் சொம்பு மொண்டு, ஒரு முழ உயரத்துலேர்ந்து ஊத்தணும். தண்ணி மேல தண்ணி விழுந்து உடையணும். அப்பதான் காத்து உள்ள போகும்.

தம்பி: ஒரு முழம்னா யார் கையால? அவர் கையாலயா, என் கையாலயா?

அண்ணன்: டெய்லருக்கு முழம் தெரியாதாமா?

தம்பி: எங்க தொழில்ல இஞ்சு.

அண்ணி: நான் என்ன தபால் பெட்டியா? ரெண்டு பேரும் ஒரே அறையில நிக்கிறீங்க. கண்டக்டர் பாவம், காது இருந்தா அவனும் சிரிப்பான்.

அண்ணன்: சிரிக்கிற நிலைமையிலயா இருக்கிறான்? பாரு அவனை. காலையில கூட முன்னாடி கண்ணாடிக்கும் பின்னாடி கண்ணாடிக்கும் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஓடிட்டிருந்தான். இப்ப செவுளு மட்டும் அசையுது.

தம்பி: ...செவுளு வெளுத்திருக்கு.

அண்ணி: கரண்ட் எப்ப வருமாம்?

அண்ணன்: டிரான்ஸ்பார்மர் வெடிச்ச சத்தம் கேட்டுச்சுல்ல. லைன்மேன் கம்பத்துல ஏறியிருக்கார். அதுக்கப்புறம் அவர் மனசு. மெயினை இறக்கினியா?

அண்ணி: அப்பவே இறக்கிட்டேன். வாசல்ல போய் இறக்கிட்டுத்தான் மாடிக்கே குரல் குடுத்தேன்.

தம்பி: மெயினை எதுக்கு இறக்கணும்? மாடிக்கும் சேர்த்துல்ல போயிடும்?

அண்ணன்: கரண்ட் திரும்பி வர்ற வேகத்துல மோட்டார் கருகிடும்னு சொல்லு. தையல் மிஷின் மோட்டாரும் சேர்த்துத்தான். வந்து நின்னப்புறம் நிதானமாப் போட்டுக்கலாம்.

தம்பி: மெயின் இறக்கிக் கிடந்தா வந்தது எப்படித் தெரியும்?

அண்ணி: எதிர் வீட்டம்மா இருக்காங்களே. கரண்ட் வந்த கையோட தண்ணி மோட்டாரைப் போட்டுடுவாங்க. தெருவுக்கே கேக்கும்.

அண்ணன்: மெதுவா ஊத்து... ஓரமா ஊத்துடா, அவன் தலை மேலயே ஊத்துறியே.

தம்பி: இப்ப யாரை 'டா' போட்டாராம்?

அண்ணி: என்னை இல்ல. என்னை 'டா' போட்டா சோறு கிடைக்காதுன்னு அவருக்குத் தெரியும்.

அண்ணன்: வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லு.

தம்பி: பரவாயில்லன்னு சொல்லுங்க. ஓரமாவே ஊத்தறேன்.

அண்ணன்: தண்ணி வேற சூடாயிருக்கும். கையை விட்டுப் பார்க்கச் சொல்லு.

தம்பி: குளிக்கிற தண்ணி மாதிரி இருக்கு.

அண்ணன்: அதான் பயமா இருக்கு. சூடான தண்ணியில காத்து நிக்காது. ஃப்ரீசர்ல பாட்டில் இருக்கும். துணியில சுத்தி மிதக்க விடலாம். ஒரேயடியா குளிர்ந்தாலும் தாங்க மாட்டான்.

அண்ணி: இந்தாங்க பாட்டில். துணி?

தம்பி: என் தோள்ல இருக்கிற துண்டை உருவுங்க. கையெல்லாம் ஈரம்.

அண்ணன்: ...துண்டு சுத்தமானதுதானே?

தம்பி: துவைச்சதுதான். மீனுக்குப் போடுற துண்டை நான் இப்பல்லாம் ரொம்ப யோசிச்சுத்தான் போடுறேன்.

அண்ணன்: என்ன சொல்றான்?

தம்பி: ஒண்ணுமில்ல.

அண்ணி: ஏங்க, பேட்டரி செல்லுல ஓடுற ஒரு சின்ன காத்து மோட்டார் இருந்துச்சே. தொட்டிக்கு அடியில.

அண்ணன்: அதை எடுத்துப் பார்த்துட்டேன். உள்ள செல்லு ஒழுகி, பச்சை பூத்துப் போய்க் கிடக்கு. வாங்கி வெச்சா மட்டும் போதுமா? அப்பப்ப எடுத்துப் பார்க்கணும். நீ வாங்கினதோட சரி.

அண்ணி: நான் எங்க வாங்கினேன்?

அண்ணன்: நீ வாங்கலையா?

தம்பி: அண்ணி, விடுங்க.

அண்ணி: எதுக்கு விடணும்? ஆறு மாசமா விட்டதே அதிகம். அது டெய்லர் வாங்கினது. அன்னிக்கு நாம ஊர்லேர்ந்து வந்தோமே, தொட்டி பூரா செத்து மிதந்துச்சே, அன்னிக்குக் காலையில.

அண்ணன்: அன்னிக்கு இவன் வீட்லயே இல்லையே. தொட்டியை அப்படியே போட்டுட்டு எங்கயோ சுத்தப் போயிருந்தான்.

அண்ணி: அதை வாங்கத்தான் போயிருந்தார். வந்து நின்னப்போ நீங்க வாசல்லயே பிடிச்சுக்கிட்டீங்க. கத்தினது கொஞ்சநஞ்சமா? அவர் பையை என் கையில குடுத்துட்டு மாடிக்கு ஏறிட்டார். அன்னிக்கு ஏறினவர்தான்.

அண்ணன்: நீ ஏன் என்கிட்ட சொல்லல?

அண்ணி: சொல்ல விட்டாத்தானே? அந்தப் பேச்சை எடுத்தாலே தட்டுலேர்ந்து எந்திரிச்சுடுவீங்க. சரி, நான் வாசலுக்குப் போய் லைன்மேன் என்ன சொல்றார்னு கேட்டுட்டு வர்றேன். ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருங்க. அடிச்சுக்கிறதுன்னா ஒருத்தர் கையில சொம்பு இருக்கு, ஒருத்தருக்கு ஒரு கைதான் இருக்கு, பார்த்து.

அண்ணன்: கை வலிச்சா மாத்திக்கோ.

தம்பி: வலிக்கல.

அண்ணன்: சீமாட்டி கீழ இறங்கிட்டா பாரு. புதுசா விட்ட நீள வாலு. கூட ரெண்டு வாண்டும் இறங்கிடுச்சு. மேல வாயைப் பிளக்கிறதை விட்டாலே நல்லதுதான்.

தம்பி: கண்டக்டர் இறங்கலையே.

அண்ணன்: அவன் வயசானவன். மெதுவாத்தான் வருவான்... வருவான்.

தம்பி: அன்னிக்கும் இவன் ஒருத்தன்தான் மிஞ்சினான்.

அண்ணன்: ம்.

தம்பி: இவனும் இன்னிக்குப் போயிட்டா, அதுவும் என் கையாலதான்னு ஆயிடும்.

அண்ணன்: அப்படிப் பேசாத. ஊத்து.

தம்பி: ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன்.

அண்ணன்: ...செவுளு வேகமா அடிக்குது. முன்னைக்கு இப்ப வேகம்.

தம்பி: நல்லதா, கெட்டதா?

அண்ணன்: தெரியல. நீ ஊத்து, நிறுத்தாத.

தம்பி: ...நிமிர்றான்.

அண்ணன்: எங்க? கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது, எனக்குத் தெரியல.

தம்பி: நிமிர்றான். ஒரு பக்கத் துடுப்பை ஊணுறான்... திரும்பவும் சாயுறான்... இல்ல, இல்ல. அண்ணா, எந்திரிச்சுட்டான். அண்ணா, இங்க வந்து பாரு. நேரா நிக்கிறான்.

அண்ணன்: ...பார்த்தேன்.

தம்பி: வாலை ஆட்டுறான். கீழ போறான் பாரு.

அண்ணன்: பார்த்தேன்டா. பார்த்துட்டேன்.

தம்பி: அப்பாடா.

அண்ணன்: உக்காந்துக்கோ. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. ...என்ன சொன்ன இப்ப?

தம்பி: வாலை ஆட்டுறான்னேன்.

அண்ணன்: அதுக்கு முன்னாடி.

தம்பி: எந்திரிச்சுட்டான்னேன்.

அண்ணன்: அதுக்கும் முன்னாடி.

தம்பி: ...ஞாபகம் இல்ல.

அண்ணன்: சரி. ...அந்த ஜன்னலைச் சாத்து.

தம்பி: இந்தப் புழுக்கத்துலயா? வெந்துடுவோம்.

அண்ணன்: வெந்தா வேகட்டும். தூசி வருது. தொட்டியில படியும். சாத்திட்டு வந்து ஊத்து, நிறுத்திடாத. இப்பதான் பிழைச்சிருக்கான்.

தம்பி: சாத்திட்டேன்.

அண்ணன்: அன்னிக்கு ராத்திரி என்னடா நடந்துச்சு?

தம்பி: அதை எதுக்கு இப்ப...

அண்ணன்: சொல்லு. அன்னிக்கு நான் கேக்கல. இப்பக் கேக்கறேன்.

தம்பி: ராத்திரி கரண்ட் போச்சு. நீ சொல்லிட்டுப் போன மாதிரி சாப்பாடு போடல. தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சூடா இருந்துச்சு. எனக்கே வேர்த்து ஊத்துது. பாவம், இதுங்க எப்படித் தாங்கும்னு துண்டை நனைச்சு மேல போட்டேன்.

அண்ணன்: மேலன்னா?

தம்பி: தொட்டி மேல. முழுசா மூடி.

அண்ணன்: மூடினியா?

தம்பி: ஒரு துண்டு பத்தல. போர்வையை நனைச்சுப் போட்டேன். காயக் காயத் தண்ணி தெளிச்சேன். ராத்திரி முழுக்கப் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். கண்ணு அசரல. நல்லாப் பார்த்துக்கிட்டேன்னு நினைச்சேன்.

அண்ணன்: மூடினா காத்து எப்படிடா போகும்? மீனுக்குத் தொட்டியோட மேல்பக்கம்தான்டா மூக்கு.

தம்பி: இப்பத் தெரியுது. விடிஞ்சதும் போர்வையை எடுத்தேன். எல்லாம் மிதக்குது. கண்டக்டர் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடுறான். அவனையாவது காப்பாத்தலாம்னு ஓடினேன். கடை திறக்கல. கடைக்காரர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, அவர் பல்லு விளக்கிட்டிருந்த வாயோட வந்து கடையைத் திறந்தார். திரும்பி வர்றேன், நீ வாசல்ல நிக்கிற.

அண்ணன்: இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

தம்பி: நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் எதைச் சொல்றது? 'ஒரு மீனைப் பார்த்துக்கத் துப்பில்லாதவன், நாளைக்குப் பொறக்கப் போற பிள்ளையை எப்படிப் பார்த்துக்கப் போறே'ன்னு கேட்ட. என் வீட்டுக்காரி அப்பதான் ரெண்டு மாசம். மாடிப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தா.

அண்ணன்: ...தப்புடா. அப்பவே தெரியும். வாயிலேர்ந்து விழுந்ததும் தெரிஞ்சுடுச்சு. பஸ்ஸா இருந்தா ரிவர்ஸ் எடுத்திருப்பேன்.

தம்பி: ஆறு மாசமா எடுக்கலையே.

அண்ணன்: நீ மாடியிலேர்ந்து இறங்கினாத்தானே? நான் வாசல்ல நிக்கும்போதெல்லாம் நீ பின்படி வழியாப் போற. செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? சரி, நனைச்சுப் போடுன்னு யாருடா உனக்குச் சொல்லிக் குடுத்தா? எந்த ஊர்லயாவது மீனுக்குப் போர்வை போத்துவாங்களா?

தம்பி: நீதான்.

அண்ணன்: நானா?

தம்பி: சின்னப் பிள்ளையில கரண்ட் போனா எனக்குத் தூக்கம் வராது, அழுவேன். நீ எந்திரிச்சுப் போய்த் துண்டை நனைச்சுப் பிழிஞ்சு, கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் போத்தி விடுவ. காய்ஞ்சா திரும்ப நனைப்ப. எனக்கு அப்படியே ஜிலுஜிலுன்னு தூக்கம் வந்துடும். அதான்... கரண்ட் போனா அதைத்தான் பண்ணணும்னு தோணுச்சு.

அண்ணன்: கழுத்து வரைக்கும்தானேடா போத்தினேன். மூஞ்சியை விட்டுட்டுத்தானே போத்தினேன்.

தம்பி: மீனுக்குக் கழுத்து எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்: சிரிக்க வைக்காத. தோளு வலிக்குது.

தம்பி: நீ சிரிக்கிறியா, அழறியா?

அண்ணன்: ரெண்டும்தான். ஊத்து. என்னடா, ஏணி வெச்சு ஊத்துற மாதிரி இவ்வளவு உயரத்துலேர்ந்து? காதைக் கிழிக்குது. என் சட்டையெல்லாம் நனையுது.

தம்பி: காத்து நல்லாப் போகட்டும்னுதான்.

அண்ணன்: முழம்னா முழம்தான். கண்டக்டருக்கே அதிர்ச்சியாயிடப் போகுது.

தம்பி: அவன் ரவுண்டு அடிக்க ஆரம்பிச்சுட்டான். அங்க பாரு, சீமாட்டியை இடிச்சுட்டு ஓடுறான். உள்ள தள்ளு, உள்ள தள்ளுன்னு.

அண்ணன்: பழைய திமிர் வந்துடுச்சு. இனிமே பயமில்ல.

அண்ணி: என்ன, ஜன்னலெல்லாம் சாத்தி வெச்சு வேக்காட்டுல உக்காந்திருக்கீங்க?

தம்பி: தூசி வருதாம் அண்ணி. கண்டக்டர் எந்திரிச்சுட்டான்.

அண்ணி: அப்பாடி. என் வயித்துல பாலை வார்த்தீங்க. நல்லா இருடா ராசா... உங்களைச் சொல்லல தம்பி, கண்டக்டரைச் சொன்னேன். சரி, உங்களையும்தான்.

அண்ணன்: லைன்மேன் என்ன சொன்னார்?

அண்ணி: அது... இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போல இருக்கு.

அண்ணன்: ஆகட்டும். அவர் நிதானமாப் பண்ணட்டும். உயிரோட விளையாடுற வேலை.

தம்பி: ஆமா. அவசரமே இல்ல.

அண்ணி: யூனிஃபார்ம்?

தம்பி: பொத்தான்தானே, தெச்சுக்கலாம்.

அண்ணன்: அவ எப்ப வருவா ஆபீஸ்லேர்ந்து?

தம்பி: சாயங்காலம். அங்க ஃபேன் இருக்கு, நல்லா இருப்பா. எட்டு மாசம் முடியப்போகுது. இதான் கடைசி வாரம், அப்புறம் லீவு.

அண்ணன்: வந்ததும் நேரா இங்க கூட்டிட்டு வா. மாடி ஏறுறதுக்கு முன்னாடி. நான் அவகிட்டயும் சொல்லணும், பேசினது தப்புன்னு. உன்கிட்ட சொன்னது மட்டும் பத்தாது.

தம்பி: அவ அழுதுடுவா.

அண்ணன்: அழட்டும். நானும்தான் அழுதேன்.

அண்ணி: எப்ப? நான் வாசல்ல நின்ன நேரத்துலயா? நல்ல காட்சியைத் தவற விட்டுட்டேனே.

தம்பி: ஒரு கண்ணுலதான் அண்ணி. இன்னொண்ணு கட்டுப் போட்டிருக்கிற பக்கம்.

அண்ணன்: வாயைப் பாரு. ஆறு மாசம் நிம்மதியா இருந்தேன்.

அண்ணி: கதை. ராத்திரி மேல மிஷின் சத்தம் நின்னாத்தான் இவர் விளக்கையே அணைப்பார். 'தூங்கப் போயிட்டான்'னு தனக்குத்தானே சொல்லிப்பார்.

அண்ணன்: உன்னை யாரு கேட்டா? ...டேய், பிள்ளை பொறந்து கரண்ட் போச்சுன்னா என்ன பண்ணுவ?

தம்பி: துண்டை நனைப்பேன்.

அண்ணன்: அப்புறம்?

தம்பி: பிழிஞ்சு, கழுத்து வரைக்கும்.

அண்ணன்: பிள்ளைக்குக் கழுத்து எங்க இருக்குன்னு தெரியும்ல?

தம்பி: தெரியலைன்னா கீழ வந்து கேட்டுக்கறேன்.

அண்ணன்: ராத்திரியானாலும் கேளு. கதவைத் தட்டு. ...சரி, கையைக் காட்டு. விரலெல்லாம் சுருங்கிப் போச்சேடா. போதும், சொம்பைக் கீழ வை.

தம்பி: இன்னும் கொஞ்ச நேரம் ஊத்தறேனே. கரண்ட் வர்ற வரைக்கும்.

அண்ணன்: வேணாம். ஃபில்டர் பஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணியிலயே அலசிட்டு மாட்டிடு. நின்ன தண்ணி நாறியிருக்கும், அப்படியே ஓட விடக் கூடாது. உங்க அண்ணி போய் மெயினைப் போடட்டும்.

அண்ணி: கரண்ட் வராம எதுக்கு மெயினைப் போடணும்?

அண்ணன்: வந்துடுச்சு.

தம்பி: ...உனக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்: எதிர் வீட்டு மோட்டார் அப்பவே ஓட ஆரம்பிச்சுடுச்சு. ஜன்னலைச் சாத்தச் சொன்னேனே, எங்கடா தூசி? கரண்ட் வந்துடுச்சுன்னு தெரிஞ்சா சொம்பை வெச்சுட்டு மாடி ஏறிடுவியோன்னு பயம்.

தம்பி: ஜன்னலைச் சாத்தியும் எனக்குக் கேட்டுச்சு.

அண்ணன்: கேட்டுச்சா? அப்புறம் எதுக்குடா விரலு சுருங்குற வரைக்கும் ஊத்தின?

தம்பி: உனக்குக் கேட்டுடக் கூடாதேன்னுதான் அவ்வளவு உயரத்துலேர்ந்து ஊத்தினேன். கரண்ட் வந்துடுச்சுன்னா 'சரி, போ'ன்னு சொல்லிடுவியோன்னு.

அண்ணன்: அதுக்கு என் சட்டையா கிடைச்சுச்சு?

தம்பி: காயும், விடு.

அண்ணன்: அப்ப இவ ஒருத்திதான் ஒண்ணும் தெரியாம வாசலுக்கும் உள்ளுக்குமா அலைஞ்சிருக்கா, பாவம்.

அண்ணி: ஆமா, ரொம்பப் பாவம். லைன்மேன் 'வந்துடுச்சும்மா, போட்டுக்கங்க'ன்னு சொல்லிட்டுப் போனதும் மெயின்ல கையை வெச்சுட்டேன். உள்ளேர்ந்து 'அண்ணா'ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. கையை எடுத்துட்டு அங்கயே படியில உக்காந்துட்டேன்.